காலி ஸ்லாட்டுக்கும் ஓர் அட்டை

2000-ம் வருடம், நவம்பர் கடைசி. அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர், ஏதோ ஒரு கம்ப்யூட்டர் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது வயசுப் பையன் ஒருவன் உள்ளே வருகிறான். ராத்திரி முழுக்க க்வேக் 3 ஆடிவிட்டுக் காலையில் கண் சிவந்து திரிகிற ரகம். அந்த மாதம் 20-ம் தேதிதான் இன்டெல் தன்னுடைய பென்டியம் 4-ஐ வெளியிட்டிருக்கிறது. புது பிராசஸர் வந்தபிறகு பழைய பெட்டியில் கேம் ஆட மனசு வருமா? பிராசஸர் பேசியாச்சு. மதர்போர்டு பேசியாச்சு. மிச்சம் இருப்பது ரேம்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இந்த போர்டில் வழக்கமான ரேம் வேலை செய்யாது, ராம்பஸ் ரேம்தான் போடவேண்டும் என்கிறார் கடைக்காரர். விலை? வழக்கமான ரேமைவிடப் பல மடங்கு. சரி, இப்போதைக்கு ஒன்று போட்டுக்கொள்கிறேன், கிறிஸ்துமஸுக்கு இன்னொன்று வாங்கிக்கொள்கிறேன் என்றால் அதுவும் நடக்காது. ஜோடி ஜோடியாகத்தான் போடமுடியும். போர்டில் நாலு ஸ்லாட். இரண்டில் ரேம் போட்டாச்சு. மீதி இரண்டைக் காலியாக விட்டுவிடலாமா? கூடாது. அந்த இரண்டிலும் தலா ஓர் அட்டையைச் செருகியே ஆகவேண்டும்.

அந்த அட்டையில் எத்தனை எம்.பி.?

ஒரு எம்.பி.யும் கிடையாது. வெறும் அட்டை. அதற்கு சி-ரிம் என்று நாமகரணம் வேறு செய்திருந்தார்கள்.

கல்யாண வீட்டில் தொங்கவிடுகிற சீரியல் செட் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு பல்பைக் கழற்றினால் மொத்த வரிசையும் அணைந்துவிடும். ராம்பஸ் ரேமும் அப்படித்தான். சிக்னல் முதல் ஸ்லாட்டில் புகுந்து, அதன் வழியாக அடுத்ததற்குப் போய், கடைசி வரை ஓடி முடியவேண்டும். நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தால் பாதை அறுந்துவிடும். அதனால்தான் அந்த டம்மி அட்டை.

ஒரு ரேம் வாங்குவதில் இத்தனை கூத்தா? எப்படி வந்தது இது? யார் கொண்டுவந்தார்கள்? அந்தக் கதையில் இன்ஜினீயரிங் உண்டு, பேராசை உண்டு, வருஷக்கணக்கில் நடந்த வழக்குகள் உண்டு, ஜெயில்கூட உண்டு. கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பித்தால்தான் புரியும்.

முதலில் ரேம் என்றால் என்ன என்பதைச் சமையலறையில் வைத்துப் பார்த்துவிடலாம். ஹார்ட் டிஸ்க் என்பது ஸ்டோர் ரூம். அரிசி, பருப்பு எல்லாம் அங்கே இருக்கும். ரேம் என்பது அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற மேடை. சமைக்கிறவர், அதாவது பிராசஸர், மேடையில் இருப்பதைத்தான் சட்டென்று எடுக்கமுடியும். மேடை சின்னது என்றால்? கடுகு வெடிக்கிற நேரத்தில் கறிவேப்பிலைக்காக ஸ்டோர் ரூமுக்கு ஓடவேண்டும். கேம் ஆடும்போது இது நடந்தால், எதிரி துப்பாக்கியைத் தூக்குகிற சமயமாகப் பார்த்துத் திரை உறைந்து நிற்கும். திரும்பி ஓட ஆரம்பிக்கும்போது நீங்கள் செத்துப்போயிருப்பீர்கள். அன்றைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரு விஷயத்தை எடுக்க மில்லி செகண்டு கணக்கில் ஆகும். ரேமிலிருந்து எடுக்க நானோ செகண்டு கணக்கு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் லட்சம் மடங்கு வித்தியாசம்.

இந்த மேடையை இவ்வளவு மலிவாக்கியவர் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ராபர்ட் டென்னார்ட். அவருக்கு முன்னால் கம்ப்யூட்டர் மெமரி என்பது பொடிப்பொடிக் காந்த வளையங்களை மெல்லிய கம்பிகளில் கோத்து நெய்வது. பெரும்பாலும் பெண்கள் உட்கார்ந்து கையால் கோப்பார்கள். டென்னார்டுக்கு 1966-ல் ஒரு யோசனை வந்தது. ஒரு பிட் தகவலை வைக்க ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். அவ்வளவு போதும். ஒரே குறை, கெப்பாசிட்டர் ஓட்டைக் குடம். ஊற்றிய மின்சாரம் ஒழுகிக்கொண்டே இருக்கும். விநாடிக்குப் பல தடவை திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஊற்றிவிட்டால் போச்சு! 1968-ல் காப்புரிமை வாங்கினார். இன்று உங்கள் போனில், லேப்டாப்பில், கேம் பெட்டியில் இருக்கிற ரேமெல்லாம் அதே ஓட்டைக் குடம்தான். டென்னார்ட் 2024-ல் தம் 91-வது வயதில் இறந்தார். செய்தித்தாள்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

அதே 1968-ல்தான் ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் சேர்ந்து இன்டெல்லை ஆரம்பித்தார்கள். எதற்காக? பிராசஸர் செய்யவா? அதுதான் இல்லை. மெமரி சிப் விற்பதற்காக. 1970-ல் 1103 என்றொரு சிப்பைக் கொண்டுவந்தார்கள். கொள்ளளவு 1,024 பிட். ஒரு முழு எஸ்.எம்.எஸ்ஸைக்கூட அதில் வைக்கமுடியாது. ஆனால் விற்றது பாருங்கள், அப்படி விற்றது. இரண்டே வருடத்தில் உலகத்திலேயே அதிகம் விற்கிற சிப் அதுதான் என்றாகிவிட்டது.

பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். என்.இ.சி., ஹிட்டாச்சி, டோஷிபா. தரத்திலும் அடித்தார்கள், விலையிலும் அடித்தார்கள். எண்பதுகளின் நடுவில் உலக மெமரி வியாபாரத்தில் பாதிக்கு மேல் அவர்கள் கையில். 1985-ல் இன்டெல்லின் ஆண்டி குரோவும் கார்டன் மூரும் ஓர் அறையில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள். நம்மைத் துரத்திவிட்டு வேறு ஒரு முதலாளியைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் அவன் முதலில் என்ன செய்வான் என்று குரோவ் கேட்கிறார். மெமரி வியாபாரத்தை மூடுவான் என்கிறார் மூர், யோசிக்காமல். அப்படியானால் அதை நாமே செய்துவிடலாமே என்றார் குரோவ். மூடினார்கள். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுத்த மாதிரி. இந்த விஷயத்தை மனசில் போட்டு வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

அமெரிக்காவில் அந்தப் போட்டியிலும் தாக்குப்பிடித்து நின்றது ஐடஹோ மாநிலத்து மைக்ரான். 1978-ல் தொடங்கிய கம்பெனி. அதற்குப் பணம் போட்டவர்களில் முக்கியமானவர் ஜே.ஆர். சிம்ப்ளாட். யார் இவர், விஞ்ஞானியா? உருளைக்கிழங்கு வியாபாரி! மெக்டொனால்ட்ஸ் கடைகளுக்கு வறுவல் கிழங்கு சப்ளை செய்து கோடீஸ்வரரானவர். விலை தரைமட்டத்துக்குப் போகும், அடுத்த வருடம் ஏறும், பயப்படாமல் நிற்கவேண்டும். கிழங்கு வியாபாரிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, நம் கேம் ஆடுகிறவர்கள் இந்தக் கதைக்குள் எப்போது வருகிறார்கள்?

1993 டிசம்பரில். அந்த மாதம்தான் டூம் வந்தது. இருட்டு வராந்தா, பிசாசுகள், கையில் துப்பாக்கி. ஆபீஸ் வேலையெல்லாம் நின்றுபோகிற அளவுக்கு ஆடினார்கள். அதுவரை கேம் ஆடுகிறவனுக்கு மெமரித் தொல்லை என்றால் 640 கே.பி.க்குள் எல்லாவற்றையும் அடக்குவது. டாஸ் காலத்து ஆசாமிகளைக் கேளுங்கள், கான்ஃபிக் ஃபைலைத் திருத்தித் திருத்தி, நாலைந்து கே.பி. மிச்சம் பிடிக்க விடிய விடிய உட்கார்ந்திருந்த கதையைச் சொல்வார்கள். டூம் அந்தச் சுவரைத் தாண்டிவிட்டது. பதிலுக்கு ஒன்று கேட்டது. குறைந்தது 4 எம்.பி. ரேம்.

இரண்டு எம்.பி. வைத்திருந்தவர்கள் கடைக்கு ஓடினார்கள். கடையில் விலை ஏறிக் கிடந்தது. ஏன்? அந்த வருடம் ஜூலை 4-ம் தேதி, ஜப்பானில் ஷிகோகு தீவின் நீஹாமா நகரத்தில் சுமிடோமோ கெமிக்கல் ஆலை வெடித்திருந்தது. சிப் செய்கிற ஆலைகூட இல்லை அது. சிப்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் உறை இருக்குமே, அதற்கான பிசின் செய்கிற இடம். அந்தப் பிசினில் உலகத் தேவையில் சுமார் 60 சதவிகிதம் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. செய்தி வந்த சில வாரங்களில் ரேம் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பானது. இத்தனைக்கும் பிசின் பஞ்சம் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. கையிருப்பு இருந்தது, மற்ற ஆலைகள் கைகொடுத்தன. ஏறிய விலை மட்டும் இறங்க மறுத்தது. ரேம் விலை என்பது சரக்கைவிட பயத்துக்குத்தான் சீக்கிரம் மசியும் என்பதை வியாபாரிகள் அன்று கண்டுகொண்டார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரேம் வாங்கியவர்களுக்கு இது புதுசாக இருக்காது. அங்கே விலை கேட்டால் பதில் ‘இன்னிக்கு ரேட்டு’ என்றுதான் ஆரம்பிக்கும்.

அடுத்து, விண்டோஸ் 95 வரப்போகிறது, எல்லோரும் ரேம் வாங்குவார்கள் என்று நம்பி ஆலை ஆலையாகக் கட்டினார்கள். 1996-ல் சரக்கு வழிந்தது, விலை படுத்தது. அதே வருடம் வந்த க்வேக் 8 எம்.பி. கேட்டபோது ஜனங்கள் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். மெமரி கம்பெனிகள் அழுதுகொண்டே விற்றன. இந்த அழுகையையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ராம்பஸுக்கு வரலாம்.

1990-ல் மைக் ஃபார்ம்வால்ட், மார்க் ஹோரோவிட்ஸ் என்ற இரண்டு பேர் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த கம்பெனி. ஹோரோவிட்ஸ் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர். இவர்களிடம் ஆலை கிடையாது. ஒரு சிப்கூடச் செய்யமாட்டார்கள். டிசைன் மட்டும் போட்டுக்கொடுப்பார்கள். செய்கிறவர்கள் ராயல்டி கட்டவேண்டும். அவர்கள் சொன்ன விஷயம் நியாயமானதுதான். பிராசஸர் வருடா வருடம் வேகமாகிறது. மெமரி அந்த அளவுக்கு வேகமாகவில்லை. இப்படியே போனால் சமையல்காரர் சும்மா கைகட்டி நிற்பார். வழக்கமான ரேம் என்பது 64 லேன் சாலை, வண்டிகள் நிதானமாகப் போகும். நாங்கள் 16 லேன்தான் போடுவோம், ஆனால் வண்டிகள் பறக்கும் என்றார்கள்.

சொன்னபடி பறக்கவும் பறந்தது. 1996-ல் வந்த நின்டெண்டோ 64 வீடியோ கேம் பெட்டிக்குள் ராம்பஸ் மெமரிதான், 4 எம்.பி. அந்தப் பெட்டியின் முன்பக்கம் ஒரு மூடி உண்டு. திறந்தால் உள்ளே ஒரு சின்ன துண்டு செருகியிருக்கும். அதில் எதுவும் இல்லை, ஆனால் எடுத்துவிட்டால் பெட்டி ஓடாது! ஆமாம், நம்முடைய டம்மி அட்டையின் அண்ணன்தான். 1998-ல் அதைக் கழற்றிவிட்டு இன்னொரு 4 எம்.பி. செருகிக்கொள்ள வசதி செய்தார்கள். அடுத்த வருடம் வந்த டாங்கி காங் 64 அது இல்லாமல் ஓடவே ஓடாது என்றது. குழந்தைகள்கூட மெமரி அப்கிரேட் செய்த காலம் அது. கேம் கூடவே அந்தத் துண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டதால் பெற்றோர் பிழைத்தார்கள்.

நின்டெண்டோவில் ஓடியதை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டவேண்டும் என்று ஆசைப்பட்டது இன்டெல். 1996 கடைசியில் ராம்பஸோடு ஒப்பந்தம். மெமரியைத் தத்துக் கொடுத்த அதே இன்டெல். பிள்ளையைத் திரும்ப வளர்க்க ஆசையில்லை. ஆனால் அது என்ன சட்டை போடவேண்டும் என்று தீர்மானிக்கிற உரிமை மட்டும் வேண்டும். இனி வரப்போகும் நம் பிராசஸர்களுக்கு ராம்பஸ்தான் என்று முடிவு கட்டினார்கள். இதில் ஒரு சமாசாரம். இன்டெல் விற்கிற சிப்செட்டுகளில் 20 சதவிகிதமாவது, தொடர்ந்து இரண்டு காலாண்டுகளுக்கு, ராம்பஸுக்கானவையாக இருந்தால், ராம்பஸின் 10 லட்சம் பங்குகளைத் தலா 10 டாலருக்கு இன்டெல் வாங்கிக்கொள்ளலாம். ராம்பஸ் பங்கு 2000-ம் ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்களில் பல மடங்கு ஏறியதை நினைத்துப் பார்த்தால் இந்த ஷரத்தின் ருசி புரியும்.

இன்டெல் காசுக்காக மட்டும் இதைச் செய்தது என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுடைய வருமானத்துக்கு அந்தத் தொகை ஒரு பொருட்டே அல்ல. உண்மையிலேயே எதிர்காலம் ராம்பஸ்தான் என்று நம்பினார்கள். ஆனால் வாங்குகிறவனைக் கேட்காமல் நம்பினார்கள்.

1999 செப்டம்பரில் இன்டெல் 820 என்ற சிப்செட் வரவேண்டும். போர்டெல்லாம் செய்து அடுக்கியாகிவிட்டது. வெளியிட சில நாள் இருக்கும்போது கண்டுபிடிக்கிறார்கள், மூன்று ஸ்லாட்டிலும் ராம்பஸ் ரேம் போட்டால் தகவல் கெட்டுப்போகிறது. நிறுத்து! நவம்பரில் இரண்டு ஸ்லாட்டோடு வந்தது. அதற்குள் ராம்பஸ் ரேமின் விலையைப் பார்த்து எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. சரி, இதே சிப்செட்டில் வழக்கமான மலிவு ரேமும் போடலாம், நடுவில் ஒரு மொழிபெயர்ப்புச் சிப் வைத்துத் தருகிறோம் என்றது இன்டெல். 2000 மே மாதம் அந்த மொழிபெயர்ப்பாளரும் உளறுகிறார் என்று தெரிந்தது. கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுபோனது, தானாகவே திரும்ப ஆரம்பித்தது. பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான போர்டுகளை மாற்றித் தருவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

இத்தனை பாடுபட்டதற்குப் பலன் இருந்ததா? அதைச் சொன்னவர்கள் பத்திரிகைக்காரர்கள் அல்ல. இன்டர்நெட்டில் கம்ப்யூட்டர் பாகங்களைச் சோதித்து எழுதியவர்கள். டாம்ஸ் ஹார்டுவேர் நடத்திய தாமஸ் பாப்ஸ்ட் ஒரு டாக்டர். ஆனந்த்டெக் தொடங்கியபோது ஆனந்த் லால் ஷிம்பிக்கு வயது 14. இந்த மாதிரி ஆட்கள் வீட்டில் உட்கார்ந்து இரண்டு வகை ரேமையும் போட்டு, க்வேக்கை ஓட்டி, விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று எண்ணினார்கள். பென்டியம் 3-ல் ராம்பஸ் போட்டால் ஏறக்குறைய ஒரு வித்தியாசமும் இல்லை. சில சோதனைகளில் பழைய ரேமே ஜெயித்தது.

காரணம் ரொம்ப எளிது. மொட்டை மாடித் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்து என்ன, குளியலறைக் குழாய் அரை இன்ச் என்றால்? பென்டியம் 3-க்குள் விநாடிக்கு சுமார் 1 ஜி.பி.தான் போகமுடியும். வழக்கமான பிசி 133 ரேமே அதைக் கொடுத்துவிடும். ராம்பஸ் 1.6 ஜி.பி. கொடுக்கத் தயார், வாங்கத்தான் ஆளில்லை. அதோடு, வேகமாகப் பறந்தாலும் ராம்பஸ் கிளம்புவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். கேமுக்கு அந்தக் கிளம்புகிற நேரம் முக்கியம். அப்புறம் சூடு. சிப்புகளின் மேல் உலோகத் தகடு போட்டு மூட வேண்டியிருந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். பென்டியம் 4 வந்தபோது குழாய் அகலமாகிவிட்டது. விநாடிக்கு 3.2 ஜி.பி. இரண்டு ராம்பஸ் ரேம் ஜோடியாகச் சேர்ந்தால் சரியாக அதே அளவு. ஜோடிக் கட்டாயம் அதனால்தான் வந்தது. அந்தக் கூட்டணியில் க்வேக் 3 பிரமாதமாக ஓடியது. தொழில்நுட்பம் மட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விலைதான் மட்டம் தட்டியது. பெட்டியோடு சேர்த்து 64 எம்.பி. ராம்பஸ் இரண்டை இன்டெல்லே கொடுத்துப் பார்த்தது. ஆனாலும் கணக்குப் போடத் தெரிந்த பையன் என்ன செய்வான்? 128 எம்.பி. ராம்பஸ் வாங்குகிற காசில் வழக்கமான ரேம் அதைவிட இரண்டு மூன்று மடங்கு வரும், மிச்சக் காசில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வரும். க்வேக் 3-க்குக் கார்டுதான் உயிர். ரேம் போதுமான அளவு இருக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் வேகம் பற்றிய பேச்சு. மேடை சின்னதாக இருந்தால் சமையல்காரரின் கைவேகத்தால் என்ன பிரயோஜனம்?

எதிர்த்தரப்பில் ஏ.எம்.டி. காத்துக்கொண்டிருந்தது. அதே வருடம் டி.டி.ஆர். என்ற புது வகை ரேமுக்கு ஆதரவு கொடுத்தது. பழைய 64 லேன் சாலைதான், ஒரு துடிப்புக்கு ஒரு வண்டிக்குப் பதில் இரண்டு வண்டி. வேகம் இரட்டிப்பு, விலை கொஞ்சம்தான் கூட. டம்மி அட்டை கிடையாது, ஜோடிக் கட்டாயம் கிடையாது. கேம் ஆடுகிறவர்கள் கூட்டம் கூட்டமாக ஏ.எம்.டி. பக்கம் போனார்கள். 2000 அக்டோபரிலேயே இன்டெல்லின் தலைவர் கிரெய்க் பேரட், ராம்பஸ் மேல் பெரிய பந்தயம் கட்டினோம், பலிக்கவில்லை என்கிற அர்த்தத்தில் பத்திரிகையில் பேசிவிட்டார். ஆனால் ஒப்பந்தம் காலைக் கட்டியிருந்தது. இன்டெல்லின் சொந்த சிப்செட்டில் பென்டியம் 4 டி.டி.ஆரோடு புழக்கத்துக்கு வர 2002 பிறந்தது.

உலகத்தின் மிகப் பெரிய சிப் கம்பெனியைக் கடைவாசலில் நின்ற ஜனங்கள் தோற்கடித்துவிட்டார்கள். கைதட்டலாம்.

கொஞ்சம் பொறுங்கள். இரண்டு விஷயம் பாக்கி இருக்கிறது.

முதலாவது. ரேம் எப்படி இருக்கவேண்டும் என்று எல்லாக் கம்பெனிகளும் கூடிப் பேசி முடிவெடுக்கிற அமைப்பு ஒன்று உண்டு. ஜெடெக். 1996 வரை ராம்பஸும் அந்தக் கூட்டங்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. பிறகு வெளியேறியது. 2000-ல் திடீரென்று வழக்குகள். நீங்கள் விற்கிற வழக்கமான ரேமிலும், புது டி.டி.ஆரிலும் எங்கள் காப்புரிமை இருக்கிறது, ராயல்டி கொடு! டோஷிபாவும் ஹிட்டாச்சியும் கட்டிவிட்டன. ஜெர்மனியின் இன்ஃபினியான் மறுத்து மோதியது. கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே திருட்டுத்தனமாகக் காப்புரிமை எழுதினார்கள் என்பது மற்றவர்களின் குற்றச்சாட்டு. எங்கள் கண்டுபிடிப்பைத்தான் நீங்கள் திருடினீர்கள் என்பது ராம்பஸின் பதில். கீழ்க்கோர்ட் ஒன்று சொன்னது, மேல்கோர்ட் வேறு சொன்னது. அமெரிக்க வர்த்தக கமிஷன் 2006-ல் ராம்பஸ் செய்தது தப்பு என்றது. 2008-ல் அப்பீல் கோர்ட் அதைத் தள்ளியது. ஆக, ராம்பஸ் வேண்டாம் என்று டி.டி.ஆர். வாங்கியவன் காசிலும் ஒரு பங்கு ராம்பஸுக்குப் போயிருக்கலாம்!

இரண்டாவதுதான் பெரியது.

1999 செப்டம்பர் 21 அன்று தைவானில் பெரும் பூகம்பம். சிப் ஆலைகளில் மின்சாரம் போனது. ரேம் விலை எகிறியது. பூகம்பத்தால் என்று எல்லோரும் நம்பினார்கள், அதில் உண்மையும் இருந்தது. பிறகு 2001-ல் விலை அதலபாதாளத்துக்குப் போனது. 128 மெகாபிட் சிப் ஒன்று ஒரு டாலர் அளவுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு கம்பெனியும் செத்துக்கொண்டிருந்தது. 2002-ம் ஆண்டு பிறந்த சில மாதங்களில் அதே சிப் மூன்று நான்கு மடங்கு. இந்தத் தடவை பூகம்பமும் இல்லை, வெடிவிபத்தும் இல்லை. அப்புறம் எப்படி?

2002 ஜூனில் அமெரிக்க நீதித்துறை இதைத் துருவ ஆரம்பித்தது. தெரியவந்தது இது. ஒருவரோடொருவர் கழுத்தறுப்புப் போட்டி போடுவதாக உலகம் நம்பிக்கொண்டிருந்த மெமரி கம்பெனிகளின் விற்பனை அதிகாரிகள், ஒருவருக்கொருவர் போன் போட்டு, டெல்லுக்கு என்ன விலை சொல்லப்போகிறாய், ஐ.பி.எம்முக்கு என்ன விலை என்று பேசி வைத்துக்கொண்டிருந்தார்கள். நீதித்துறையின் கணக்குப்படி 1999 ஏப்ரல் தொடங்கி 2002 ஜூன் வரை. பழைய அழுகைக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து.

மைக்ரான் முதலில் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொண்டது. அதற்கு முன் அதன் பிராந்திய விற்பனை மேலாளர் ஒருவர், போட்டிக் கம்பெனிகளின் விலையைக் குறித்து வைத்திருந்த தன் கைக்குறிப்புகளைத் திருத்தி, சிலதை மறைத்து, பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார். மற்றவர்கள் வரிசையாக அபராதம் கட்டினார்கள். 2004-ல் இன்ஃபினியான் 160 மில்லியன் டாலர். 2005-ல் ஹைனிக்ஸ் 185 மில்லியன், சாம்சங் 300 மில்லியன். 2006-ல் ஜப்பானின் எல்பிடா 84 மில்லியன். அதிகாரிகள் சிலர் சில மாதங்கள் அமெரிக்க ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார்கள். ஐரோப்பிய கமிஷன் தன் பங்குக்கு 2010-ல் 33 கோடி யூரோ அபராதம் போட்டது.

இப்போது அந்தப் பையனை நினைத்துப் பாருங்கள். டம்மி அட்டைக்கெல்லாம் காசு தரமாட்டேன் என்று சாமர்த்தியமாகத் திரும்பி வந்து டி.டி.ஆர். வாங்கினான். அந்த விலையையும் யாரோ போனில் பேசித்தான் வைத்திருந்தார்கள்.

ராம்பஸ் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பார்த்தீர்களா, எங்கள் ரேமை விலை ஏற்றிக் கொன்றதும் இந்தக் கூட்டுச்சதிதான், நாங்கள் நியாயமாகத் தோற்கவில்லை என்று மைக்ரான் மேலும் ஹைனிக்ஸ் மேலும் சான்ஃபிரான்சிஸ்கோவில் வழக்கு. கேட்ட நஷ்டஈடு சுமார் 400 கோடி டாலர். 2011 நவம்பரில் ஜூரிகள் தீர்ப்பு சொன்னார்கள். 12 பேரில் 9 பேர் ராம்பஸுக்கு எதிராக. என்னைக் கேட்டால், விலைக் கூட்டணி இருந்தது நிஜம், அது இல்லாவிட்டாலும் ராம்பஸ் தோற்றிருக்கும் என்பதும் நிஜம். பென்டியம் 3-ல் க்வேக் வேகம் கூடாததற்கு எந்த அதிகாரியும் போன் போட்டுப் பேசவேண்டியிருக்கவில்லை.

வாங்கி ஏமாந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? அமெரிக்காவில் தனி வழக்குகள் நடந்து 310 மில்லியன் டாலருக்கு சமரசம் ஆனது. 1998-லிருந்து 2002-க்குள் ரேமோ, ரேம் உள்ள கம்ப்யூட்டரோ வாங்கியவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று 2014-ல் அழைத்தார்கள். குறைந்தது 10 டாலர் கிடைக்கும் என்றார்கள். இருபது வயதில் ரேம் வாங்கியவனுக்கு முப்பத்து நாலு வயதாகியிருந்தது.

இந்தியாவில் வாங்கியவர்களுக்கு அந்தப் பத்து டாலரும் கிடையாது. ஆனால் உலகச் சந்தையில் ஏறிய விலையை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லோரும்தான் கொடுத்தோம்.

அதன்பிறகு கம்பெனிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இன்ஃபினியானின் மெமரிப் பிரிவு குவிமோண்டா என்ற பெயரில் தனியாகப் போய் 2009-ல் திவால். எல்பிடா 2012-ல் திவால், அடுத்த வருடம் மைக்ரான் அதை வாங்கிக்கொண்டது. உலக ரேமில் பெரும்பகுதியைச் செய்ய சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே பேர் மிஞ்சினார்கள். ரேம் மட்டும் டி.டி.ஆர். 2, 3, 4, 5 என்று வளர்ந்தது. ஜோடியாகப் போடுவது இப்போது கட்டாயமில்லை, ஆனால் போட்டால் நல்லது. ராம்பஸ் சொல்லிக்கொடுத்த பாடம்தான் அது. டி.டி.ஆர். 5 போர்டில் டி.டி.ஆர். 4 செருகமுடியாது, பள்ளம் வேறு இடத்தில் இருக்கும். காலி ஸ்லாட்டைக் காலியாகவே விடலாம்.

2025 கடைசியில் விலை மறுபடியும் பறந்தது. இந்தத் தடவை செயற்கை நுண்ணறிவு. அதற்கான பிரம்மாண்ட கம்ப்யூட்டர் கூடங்கள் மெமரியைப் பகாசுரன் மாதிரி விழுங்க, சிப் செய்கிறவர்கள் லாபம் கூடிய அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டார்கள். டிசம்பர் 3-ம் தேதி மைக்ரானிடமிருந்து ஓர் அறிவிப்பு. சில்லறையில் ரேம் வாங்குகிறவர்களுக்காக 29 வருடமாக அது நடத்திவந்த க்ரூஷியல் என்ற பிராண்டை மூடுகிறார்கள். கடைகளுக்கு 2026 பிப்ரவரி வரைதான் சரக்கு போகும் என்றார்கள்.